முழு வரலாற்றுடன்

மணி இரண்டு இருபது. தயிர்சாத டப்பாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தபோது மங்கையர்க்கரசிக்கு ஒன்றுமே தோன்றவில்லை. ஏதாவது தோன்ற வேண்டும் என்று அவளே எதிர்பார்த்திருந்தாள். ஐம்பத்திரண்டு வயதில், இருபத்தாறு வருட சர்க்கார் உத்தியோகத்தில், இப்படி ஒரு மத்தியானம் வந்தால் நெஞ்சு படபடக்கும், உள்ளங்கை வேர்க்கும் என்று ஒரு வாரமாகவே நினைத்து வைத்திருந்தாள். படபடக்கவில்லை. எலுமிச்சை ஊறுகாயின் காரம் நாக்கின் ஓரத்தில் இருந்தது, அவ்வளவுதான். இடது கால் பாதத்தில் உணர்ச்சி இல்லை. செருப்புக்குள் இருப்பது தன் கால்தானா என்று குனிந்து பார்த்துக்கொண்டாள். தன் கால்தான். மேலே ஏசி ஒரே சுருதியில் முனகிக்கொண்டிருந்தது. மூன்றாவது மாடியில் இன்று அவளைத் தவிர யாருமில்லை. எல்லாரும் விழாவுக்குப் போய்விட்டார்கள். சர்க்கார் ஒரு பொருளை இனாமாகக் கொடுக்கிறது என்றால் அதற்கும் மேடை வேண்டும், மாலை வேண்டும், மைக் வேண்டும். நாலு மணிக்கு அமைச்சர் மேடையில் ஒரு பெரிய சிவப்புப் பொத்தானை அமுக்குவார், கைதட்டுவார்கள், பின்னால் விளக்கு எரியும். அந்தப் பொத்தான் விளக்கோடு மட்டும்தான் இணைந்திருக்கிறது. நிஜப் பொத்தான் இங்கே, அவள் முன்னால், திரையின் மூலையில், சுண்டுவிரல் நகம் அளவுக்குப் பச்சையாக இருந்தது. வெளியிடு. அதை அமுக்கினால் பதினெட்டு வருடமாக இந்த மாடியில் எழுதப்பட்ட வரித் தாக்கல் மென்பொருள் முழுவதும் உலகத்துக்கே திறந்துவிடும். யார் வேண்டுமானாலும் உள்ளே போய் வரிவரியாகப் படிக்கலாம், எடுத்துக்கொள்ளலாம், குற்றம் கண்டுபிடிக்கலாம், திருத்தியும் கொடுக்கலாம். பொத்தானுக்கு மேலே இரண்டு சின்ன வட்டங்கள். ஒன்று, முழு வரலாற்றுடன். இன்னொன்று, இன்றைய நிலை மட்டும். இரண்டில் ஒன்றில் புள்ளி வைக்க வேண்டும். இன்னும் எதிலும் வைக்கவில்லை.

இன்றைய நிலை மட்டும் என்றால் கட்டி முடித்த வீட்டைக் காட்டுவது. முழு வரலாற்றுடன் என்றால் எந்தச் செங்கல்லை யார் எந்த நாளில் எத்தனை மணிக்கு வைத்தார் என்பதையும் சேர்த்துக் காட்டுவது. ஒவ்வொரு வரிக்கும் நேராக ஒரு பெயர், ஒரு தேதி, ஒரு நேரம் இருக்கும். இயக்குநர் சேதுமாதவன் கிளம்பும்போது கதவில் பாதி உடம்பை வைத்துக்கொண்டு சொன்னார்: “எது போடணும்னு நீங்களே முடிவு பண்ணிக்கோங்க அரசிம்மா. என்னைக் கேட்டா வரலாறோடவே போகலாம். மறைக்கறதுக்கு நம்மகிட்ட என்ன இருக்கு?” அவர் நல்ல மனிதர். வந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. மறைக்கறதுக்கு நம்மகிட்ட என்ன இருக்கு என்று கேட்டுவிட்டுத் தோளில் கிடந்த அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டு லிஃப்டுக்குப் போனார். அவள் தலையை ஆட்டினாள். அவளுக்குத் தலையை ஆட்டுவது நன்றாக வரும். பதினோரு வருடத்துக்கு முன்பும் இதே மாடியில், விசாரணைக்கு வந்த அதிகாரி, “அப்ப இது அந்தக் கான்ட்ராக்ட் பையன் போட்டதுதானே?” என்று கேட்டபோது இப்படித்தான் ஆட்டினாள். பையன் இல்லை, முப்பத்தொன்பது வயது ஆள். அதைத் திருத்த வேண்டும் என்றுதான் அப்போது வாய் வந்தது. அதைக்கூடச் சொல்லவில்லை.

இருதயராஜ். பெயரை மனதுக்குள் சொன்னால்கூட யாரோ திரும்பிப் பார்ப்பது போல இருக்கிறது. கைப்பேசி மேசைமேல் கவிழ்ந்து கிடக்கிறது. காலையில் அவரிடமிருந்து செய்தி வந்திருந்தது. ஆறேழு வருடத்துக்குப் பிறகு. அதற்கு முன்னால் வந்ததெல்லாம் கிறிஸ்துமஸ் வாழ்த்து, பொங்கல் வாழ்த்து, ஒரு ரோஜாப்பூ. இது அப்படியில்லை. மேடம் வணக்கம், திண்டுக்கல் இருதயராஜ். நம்ம சாஃப்ட்வேரைத் திறந்து விடுறாங்கன்னு பேப்பர்ல போட்டிருக்கு. என் மக ஆக்னஸ் இப்ப கம்ப்யூட்டர் சயின்ஸ் ரெண்டாவது வருஷம். அப்பா எழுதினதைக் காட்டுங்கன்னு நிக்கிறா. உள்ள யார் எழுதினாங்கன்னு பேரெல்லாம் தெரியுமாமே. என் பேரு இருக்கும்ல மேடம்? அதற்குக் கீழே கும்பிடும் கை ஒன்று. காலையிலிருந்து அந்தக் கை கும்பிட்டபடியே இருக்கிறது. அவள் பதில் போடவில்லை. இருக்கும் என்று போட்டால் முதல் வட்டம். இருக்காது என்று போட்டால் இரண்டாவது வட்டம். இருக்கிறது, ஆனால் உங்களுடையது அல்லாத ஒன்றும் உங்கள் பெயரில் இருக்கிறது என்று எந்த விரலால் தட்டச்சு செய்வது? அவர் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். கண் தெரியாத பெரியவர்கள், நேரமில்லாத கடைக்காரர்கள் எல்லாருக்கும் வரிப் படிவம் நிரப்பித் தருகிறார். இதே மென்பொருளில், தானே எழுதிய பெட்டிகளுக்குள். அது அவளுக்கு எப்படித் தெரியும்? அவர் வாட்ஸப் படத்தில் கடைப் பலகை தெரிகிறது. அந்தப் படத்தை அவள் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறாள்.

ஏசி குளிர்ந்தது. எழுந்துபோய்க் குறைக்கலாம். எழவில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரம், ஜனவரி ஒன்று. அந்தத் தேதி அவள் தலைக்குள் காலண்டர் தாள் மாதிரி ஒட்டிக்கொண்டு பதினோரு வருடமாகக் கிழியவே மாட்டேன் என்கிறது. விஷயம் சின்னது. சிரிப்பதற்குரியதுகூட. பழைய பதிவேடுகளில் செத்துப்போனவர்கள் நிறையப் பேர் உயிரோடு இருந்தார்கள். நூற்றுப்பத்து வயது, நூற்றிருபது வயது என்று வீட்டுக்காரர்கள் இருந்தார்கள். அவர்கள் பெயருக்கு வரி நோட்டீஸ் போனால் பேரன்மார் சண்டைக்கு வந்தார்கள். மேலிடத்திலிருந்து வாய்மொழியாக ஓர் உத்தரவு வந்தது. ரொம்ப வயதானவர் என்றால் மறைந்தவர் என்று வைத்துக்கொண்டு வாரிசுகளுக்கு முகவரியிடுங்கள். அப்படி ஒரு வரி எழுத எத்தனை நேரம் ஆகும்? பத்து நிமிடம். வெள்ளிக்கிழமை, பதினொன்று நாற்பது. அவளுடைய கணினிக்கு அன்று உயிர் இல்லை. யுபிஎஸ் கருகி நாற்றமடித்துக்கொண்டிருந்தது. பக்கத்து நாற்காலி காலி. இருதயராஜ் ஊருக்குப் போயிருந்தார். கணினிக்கு அவர் வைத்த கடவுச்சொல் விசைப்பலகைக்கு அடியில் ஒரு துண்டுச் சீட்டில் ஒட்டியிருந்தது. அந்த மாடியில் அது வழக்கம். யார் இருக்கையில் யார் வேண்டுமானாலும் உட்காரலாம். டீக்குப் போகிறவர் பூட்டிவிட்டுப் போனால்தான், எங்களை நம்பவில்லையா என்று கோபித்துக்கொள்வார்கள். உட்கார்ந்தாள். வயது நூற்றைந்துக்கு மேல் என்றால் மறைந்தவர். எழுதினாள், சேமித்தாள். இயந்திரத்துக்கு உட்கார்ந்திருப்பவர் யார் என்றா தெரியும்? அது தன் சொந்தக்காரனின் பெயரைப் போட்டுக்கொண்டது. இருதயராஜ், வெள்ளி, பதினொன்று நாற்பது. அவள் எழுந்து சாப்பிடப் போனாள். அன்றும் தயிர்சாதமாகத்தான் இருக்கும்.

பிறந்த தேதியை நிரப்பாமல் விட்டவர்களை அவள் மறந்துவிட்டாள். அவள் மறக்கக் கூடாத ஒன்று அது. இந்தத் தொழிலில் ஒரு மாதம் இருந்தவனுக்கும் தெரியும். தேதிப் பெட்டியைக் காலியாக விட்டால் பழைய கணினி அதைக் காலியாக வைத்துக்கொள்ளாது; ஆயிரத்துத் தொள்ளாயிரம் ஜனவரி ஒன்று என்று தானே எழுதிக்கொள்ளும். வெற்றிடம் அதற்குப் பிடிக்காது. பிறந்த தேதி தெரியாதவர்கள் இந்த நாட்டில் எத்தனை பேர்! ஆடி மாசம், மழை கொட்டிய அன்று, மாமா கல்யாணத்துக்கு மறுவருஷம் என்று சொல்லுகிறவர்கள் பெட்டியைக் காலியாகத்தான் விடுவார்கள். அவர்கள் எல்லாரும் ஒரே நாளில் நூற்றுப் பதினான்கு வயதுக்காரர்கள் ஆனார்கள். நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு பேரை அவள் ஒரு வரியால் கொன்றாள். மறைந்த திரு இன்னார் அவர்களின் வாரிசுதாரர்களுக்கு என்று அச்சடித்து, உறையில் போட்டு, முத்திரையோடு அனுப்பியாகிவிட்டது. அடுத்த வாரம் கீழ்த்தளத்தில் செத்தவர்கள் வரிசையில் நின்றார்கள். ஒருவர் ஆதார் அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்தார். இன்னொருவர், “என்னைக் கிள்ளிப் பாருங்க சார்” என்று சாளரத்துக்குள் கையை நீட்டினார். மாடியில் எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள் என்றுதான் நினைவு. சிரிக்காமல் இருந்திருந்தால் சந்தேகம் வந்திருக்கும் என்று பிற்பாடு காரணம் கண்டுபிடித்துக்கொண்டாள். அப்போது உண்மையிலேயே சிரிப்புதான் வந்தது.

மூன்றாம் நாள் சிரிப்பு நின்றது. கடற்கரைக் குப்பத்தில் தேசம்மாள் என்று ஒரு பெண். அவள் புருஷன் விசைப்படகில் போய்ப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. ஆழ்கடலுக்குப் போனால் பன்னிரண்டு நாள் சாதாரணம். அந்த நேரம் பார்த்துத் தபால்காரர் உறையைக் கொடுத்தார். தெருவில் படிக்கத் தெரிந்த ஒருவர் படித்துச் சொன்னார். மறைந்த திரு ஏகாம்பரம். சர்க்காரே சொன்ன பிறகு யார் இல்லையென்பது? கோபுர முத்திரை வேறு இருந்தது. வளையலை உடைத்தார்கள். இரண்டு நாள் ஒப்பாரி. மூன்றாம் நாள் காலையில் ஏகாம்பரம் மீன் கூடையோடு கரையேறி வந்து, தன் வீட்டு வாசலில் தனக்கே பந்தல் போட்டிருப்பதைப் பார்த்தார். அவர் கதை சொல்லிச் சிரித்தாராம், பத்திரிகையில் போட்டிருந்தார்கள். தேசம்மாள் சிரிக்கவில்லை. புருஷனைத் தொடவே பயந்துகொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தாளாம், பேச்சே வரவில்லையாம். படத்தில் அவள் மணிக்கட்டு மட்டும் தெளிவாக விழுந்திருந்தது. வெறும் மணிக்கட்டு, கண்ணாடி கீறிய இரண்டு கோடு. அந்தப் படத்தை மங்கையர்க்கரசி பார்த்தபோது கால் மரத்துப்போனது. அதுதான் முதல் தடவை. அதற்குப் பிறகு டாக்டர் சர்க்கரை பார்த்தார், நரம்பு பார்த்தார், ஒன்றும் இல்லை என்றார். மாத்திரை மட்டும் கொடுத்தார்.

பத்திரிகையில் வந்த பிறகு விசாரணை. விசாரணை என்றால் ஒன்றரை மணி நேரம். அதிகாரி வந்தார், வரியைக் காட்டச் சொன்னார், வரிக்கு நேராக இருந்த பெயரைப் படித்தார், முடிந்தது. தேதியைப் பார்க்கவில்லை. தேதியைப் பார்த்து, வருகைப் பதிவேட்டை எடுத்து, அந்த வெள்ளிக்கிழமைக்கு நேராக விரலை வைத்திருந்தால் போதும். விடுப்பு என்று சிவப்பு மையில் போட்டிருக்கும். அது அவளுக்குத் தெரியும். பதிவேடு அவள் பீரோவில்தான் இருந்தது. அதிகாரிக்கு முதுகுக்குப் பின்னால், நாலடி தூரத்தில். ஒப்பந்த ஊழியரை அனுப்ப ஒரு தாள் போதும், நிரந்தர ஊழியர்மேல் நடவடிக்கை என்றால் ஒரு பீரோ நிறையக் கோப்பு வேண்டும். அதனால் அதிகாரிக்கும் அதற்குமேல் தேடுவதில் ஆசை இல்லை. இருதயராஜைக் கூப்பிட்டார்கள். அவர் வந்து நின்றார். மகளின் புதுநன்மைச் சடங்குக்கு ஊருக்குப் போய்வந்து, எல்லாருக்கும் பால்கோவா கொடுத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. வெள்ளைக் கவுனும் மெழுகுவர்த்தியுமாகச் சர்ச்சில் நின்ற மகளின் படத்தைக் கணினித் திரையில் வைத்திருந்தார். திரையில் அந்தப் படம் இருக்க, அதே திரையில் அந்த வரியைத் திறந்து காட்டினார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். நான் இல்லை என்று அவர் சொல்வார் என்று அவள் காத்திருந்தாள். சொன்னால் தானும் சொல்லிவிடலாம் என்று, சத்தியமாக அப்படித்தான், வாயில் வார்த்தையை வைத்துக்கொண்டு நின்றாள். அவர் சொன்னார்: “என் பேருதான் இருக்கு சார். ஞாபகம் இல்ல. ஆனா நான்தான் போட்டிருப்பேன்.”

நான்தான் போட்டிருப்பேன். இயந்திரம் சொல்லுகிறது, தன் ஞாபகம் சொல்லவில்லை, ஆகவே இயந்திரம் சரி. ஆறு வருடத்தில் ஆயிரக்கணக்கான வரி எழுதியவனுக்கு ஒவ்வொன்றுமா நினைவில் நிற்கும்? அவள் வாயில் இருந்த வார்த்தை கரைந்துவிட்டது. நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று அன்று சாயங்காலம் அம்பத்தூர் ரயிலில் நினைத்தாள். மறுநாளும் அதே ரயில், அதே நினைப்பு. பத்தாவது நாள் அவர் மேசையைக் காலி செய்து, எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு, அவளிடம் வந்து, “உங்ககிட்டதான் மேடம் நெறயக் கத்துக்கிட்டேன்” என்று கை கூப்பினார். கோபமாக இருந்திருக்கலாம். கோபமாக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நல்லவர்கள் ரொம்பத் தொந்தரவு. பிறகு நாளைக்கு என்பது அடுத்த வாரம் ஆகி, அவர் ஊருக்கே போன பிறகு யாரிடம் சொல்லுவது என்றாகி, பதவி உயர்வு வந்து, பழைய பதிவேடுகளைக் கழிவுத்தாளுக்குப் போட்ட அன்று, அந்த வருடத்துப் பதிவேடும் மூட்டையில் போவதைத் தானே மாடிப்படியில் நின்று பார்த்து, இனி யாருக்கும் தெரியாது என்று நினைத்து, நிம்மதி வரும் என்று காத்திருந்து, அதுவும் வராமல் போய்விட்டது.

மணி மூன்று பத்து. கேண்டீன் பக்கிரிசாமி டீ கொண்டுவந்து வைத்தார். “விழாவுக்குப் போவலியா மேடம்? சமோசா குடுக்கறாங்களாம்.” அவள், “நீங்க போங்க, எனக்கு வேலை இருக்கு” என்றாள். போய்விட்டார். வேலை இருக்கிறது. உண்மையில் மூன்றாவதாக ஒரு வேலையும் இருக்கிறது. அது இரண்டு வட்டத்திலும் இல்லை. அந்த ஒரே ஒரு வரிக்கு நேராக இருக்கும் பெயரை எடுத்துவிட்டுத் தன் பெயரைப் போடலாம். எப்படிச் செய்வது என்று அவளுக்குத் தெரியும். பத்து நிமிட வேலை. வெள்ளிக்கிழமை அந்த வரியை எழுத எவ்வளவு நேரம் ஆனதோ அதே அளவு. கையில் ஐம்பது நிமிடம் இருக்கிறது. ஐந்து தடவை செய்யலாம். டீயில் ஆடை கட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மங்கையர்க்கரசி, வெள்ளி, பதினொன்று நாற்பது. அப்படிப் போட்டால் சேதுமாதவன் பார்ப்பார். மூன்று மாதத்தில் இணை இயக்குநர் பட்டியல் வருகிறது. அதில் அவள் பெயர் இரண்டாவது. அது மட்டும்தான் காரணம் என்றால்கூட மன்னித்துக்கொள்ளலாம், ஆசை என்று ஒரு பெயராவது இருக்கும். ஆசையும் இல்லை. அந்தப் பதவியை நினைத்தால் ஒரு பெரிய மேசை தெரிகிறது, அதன்மேல் ஒரு தண்ணீர் ஜக் தெரிகிறது, அவ்வளவுதான். பயமா என்றால், பயம்தான், ஆனால் அதுவும் பக்கத்து வீட்டில் யாரோ அழுவது போலத்தான் கேட்கிறது. அப்படியானால் எதற்காகச் செய்யாமல் உட்கார்ந்திருக்கிறோம் என்று தன்னையே கேட்டாள். பழக்கம் என்று பதில் வந்தது. பதினோரு வருடம் சொல்லாமல் இருந்தவளுக்குச் சொல்லாமல் இருப்பது சுலபம். தினமும் செய்கிற வேலை.

இரண்டாவது வட்டத்தின் மேல் அம்புக்குறியைக் கொண்டுபோனாள். இன்றைய நிலை மட்டும். பெயர்களே இருக்காது. எல்லாருடைய வேலையும் துறையின் வேலை. யாருக்கும் பழியில்லை, யாருக்கும் பெருமையில்லை, எவ்வளவு சமத்துவம்! ஆனால் இருதயராஜின் ஆறு வருடமும் அதில் போகும். குடும்ப அட்டை இல்லாதவர்களும் படிவத்தை முடிக்கலாம் என்று அவர் எழுதிய பகுதி போகும். கண் தெரியாதவர்களுக்குக் குரலில் படித்துக்காட்டும் பகுதி அவர் தீபாவளி விடுமுறையில் உட்கார்ந்து எழுதியது. யாரும் கேட்கவில்லை, அவராகவே எழுதினார். அதை இன்னும் லட்சக்கணக்கானவர்கள் பயன்படுத்துகிறார்கள். அதில் அவர் பெயர் போகும். ஆக்னஸ் என்ற அந்தப் பெண் கடையில் ஜெராக்ஸ் இயந்திரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தேடுவாள். எங்கேப்பா உங்க பேரு என்பாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, எடுத்திருப்பாங்கம்மா, நான்தான் தப்பு பண்ணேன்ல என்பார். அவர் அப்படித்தான் சொல்லுவார். சந்தேகமே இல்லை. அம்புக்குறியை முதல் வட்டத்துக்குக் கொண்டுபோனாள். முழு வரலாற்றுடன். அப்போது அந்தப் பெண் எல்லாவற்றையும் படிப்பாள். படிக்கிற பெண், அப்பா பெயர் இருக்கும் ஒவ்வொரு வரியையும் திறந்து பார்ப்பாள். நூற்றைந்து வயதையும் திறப்பாள். தேதியைப் பார்ப்பாள். அவளுக்குப் புதுநன்மை நடந்த நாளின் தேதி அவர்கள் வீட்டுச் சுவரிலேயே சட்டம் போட்டு மாட்டியிருக்கும். சனிக்கிழமை பூசை, அதற்கு முந்தைய நாள் வெள்ளிக்கிழமை அப்பா ஊரில் தென்னங்கீற்று முடைந்துகொண்டிருந்தார் என்று அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியும். விசாரணை அதிகாரி பார்க்காததை ஒரு கல்லூரிப் பெண் ஒரு நொடியில் பார்த்துவிடுவாள். அப்பா, அன்னைக்கு நீங்க இங்கல்ல இருந்தீங்க? பிறகு அவர் யோசிப்பார். யாருக்கு என் கடவுச்சொல் தெரியும் என்று யோசிப்பார். எல்லாருக்கும் தெரியும். யாருடைய கணினி அன்று கருகியது என்று யோசிப்பார். அதற்கு வழியில்லை, அவர்தான் ஊரிலேயே இல்லையே. இல்லை, திங்கட்கிழமை வந்தபோது அவர்தான் புது யுபிஎஸ்ஸைத் தூக்கிக்கொண்டுவந்து அவள் மேசைக்கு அடியில் வைத்து, ஒயரைச் சொருகிக் கொடுத்தார்.

நாலு மணிக்குச் சேதுமாதவனின் அழைப்பு வந்தது. பின்னால் நாதஸ்வரம், மைக் கிறீச்சிடும் சத்தம். “அரசிம்மா, அமைச்சர் கையை வச்சுட்டார். அமுக்குங்க, அமுக்குங்க!” திரையைப் பார்த்தாள். முதல் வட்டத்தில் புள்ளி இருந்தது. எப்போது வைத்தாள் என்று தெரியவில்லை. அம்புக்குறி அங்கே நின்ற வாக்கில் விரல் தானே தட்டியிருக்க வேண்டும். மாற்ற ஒரு நொடி போதும். மாற்றவில்லை. இதைத் தைரியம் என்று யாராவது சொன்னால் அவளுக்கே கூச்சமாக இருக்கும். பஸ்ஸில் தூங்கியபடி தன் நிறுத்தத்தில் இறங்குகிறவனைப் போலத்தான் அமுக்கினாள். பச்சைப் பொத்தான் சாம்பல் நிறமானது. வெளியிடப்பட்டது என்று வந்தது. காதில் கைதட்டல் கேட்டது. “சூப்பர்மா, எரிஞ்சிடுச்சு!” என்றார் சேதுமாதவன், விளக்கைத்தான் சொன்னார். அவள் கைப்பேசியை நிமிர்த்தி, கும்பிடும் கைக்குக் கீழே, இருக்கும் என்று ஒரு வார்த்தை எழுதி அனுப்பினாள். ஆறிப்போன டீயைக் குடித்தாள். ருசி தெரியவில்லை. கணவருக்கு, வரும்போது கீரை வாங்கி வருகிறேன் என்று அனுப்பினாள். எதிர்ச் சுவரில் சுண்ணாம்பு உப்பி ஒரு நாட்டின் படம் போல நின்றது. அது எந்த நாடு என்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாலு நாற்பத்தைந்துக்குக் கைப்பேசி அடித்தது. இருதயராஜ். அடிக்க விட்டாள். நின்றது. மறுபடி அடித்தது. எடுத்தாள்.

“மேடம்! வந்துருச்சு மேடம்!” பதினோரு வருடத்தில் அந்தக் குரலுக்கு வயதே ஆகவில்லை. “ஆக்னஸ் தொறந்துட்டா. என் பேரு எத்தன எடத்துல இருக்குன்னு எண்ணிக்கிட்டே இருக்கா, நானூறத் தாண்டிருச்சு! கடையில வாடிக்கக்காரங்க எல்லாரும் நின்னு பாக்குறாங்க. அந்தக் குரல்ல படிக்கிறது இருக்குல்ல, அதுல மொத வரியிலேயே என் பேருதான் மேடம். ஒங்க பேரும் பக்கத்துலயே இருக்கு. ரொம்ப சந்தோஷம் மேடம், ரொம்ப ரொம்ப சந்தோஷம்.”

“நல்லா இருக்கீங்களா இருதயராஜ்” என்றாள். தன் குரல் யாருடையதோ போலக் கேட்டது.

“நல்லா இருக்கேன் மேடம். மேடம்…” அவர் சற்று இழுத்தார். கடைச் சத்தம் குறைந்தது. வெளியே வந்துவிட்டார் போலும். “மேடம், ஒண்ணு கேக்கணும். தப்பா நெனச்சுக்கக் கூடாது. எப்பிடிக் கேக்குறதுன்னும் தெரியல.”

வந்துவிட்டது. எண்ணிக்கொண்டே போன பெண் அங்கே வந்து நின்றுவிட்டாள். தேதியைப் பார்த்துவிட்டாள். அவர் கேட்கும் முன்பு சொல்லிவிட வேண்டும், கேட்ட பிறகு சொன்னால் அது சொன்னதாகாது என்று மங்கையர்க்கரசிக்குத் தோன்றியது. அன்று முழுவதும் அவளுக்குத் தோன்றிய ஒரே விஷயம் அதுதான்.

“நான்தான் இருதயராஜ்” என்றாள். “அந்த வரியப் போட்டது நான்தான். நூத்தியஞ்சு வயசு. நீங்க அன்னைக்கு ஊர்ல இருந்தீங்க. என் மெஷின் கருகிடுச்சு. உங்க சீட்ல உக்காந்து நான்தான் போட்டேன். விசாரணை நடந்தப்பவே எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் பேசாம இருந்தேன்.”

வெளியே ஒரு பேருந்து ஹாரன் அடித்துக்கொண்டு போவது அந்தப் பக்கம் கேட்டது. பழநி, பழநி என்று ஒருவர் கூவினார்.

“நான் அதக் கேக்கல மேடம்” என்றார் இருதயராஜ், மெதுவாக. “பாப்பாவுக்குக் காலேஜுல ப்ராஜெக்ட் செய்யணும். ஒங்க ஆபீஸ்ல ஒரு மாசம் எடம் கெடைக்குமான்னு கேக்கலாம்னு…”

அப்பா, ஐந்நூறு என்று உள்ளிருந்து ஒரு பெண் குரல் கூப்பிட்டது. இரும்மா என்றார். பிறகு அவர் பேசியபோது குரலில் கோபம் இல்லை. கணக்குப் புரியாத பிள்ளை வாத்தியாரிடம் கேட்பது போலக் கேட்டார்.

“நான் அந்தத் தேசம்மா வீட்டுக்குப் போனேனே மேடம். வேலைய விட்டு நின்ன மறுநாள். ரெண்டு டஜன் கண்ணாடி வளையல் வாங்கிட்டுப் போயி, நான்தாம்மா ஒன் புருஷன சாகடிச்சேன்னு, குப்பமே பாக்க அந்தம்மா கால்ல விழுந்தேன். அது வளையல வாங்கவே இல்ல. நான் விழுந்தது பெருசில்ல மேடம், விடுங்க.” நிறுத்தினார். “போகணும்னு நான் சொன்னப்ப, நீங்கதான மேடம் அட்ரஸ் எடுத்து எழுதிக் குடுத்தீங்க?”

எழுதிக் கொடுத்திருந்தாள். பதினோரு வருடமாக எல்லாவற்றையும் திருப்பித் திருப்பி நினைத்தவளுக்கு இது ஒன்று மட்டும் ஒருநாளும் நினைவுக்கு வந்ததில்லை. கதவு எண்ணும் தெருவும் பச்சை மையில், அழகான கையெழுத்தில். கீழே, எந்தப் பேருந்தில் ஏறி எங்கே இறங்க வேண்டும் என்பதையும் எழுதியிருந்தாள்.